கையெழுத்து வைத்த கடுதாசி

"அந்தக் கார்ட் எங்கை?" என்று சிற்றம்பலம் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"எந்தக் கார்ட்?"

"கட்டலோக்குக்குள்ளை வைச்சிருந்த கார்ட். நான் நிரப்பி வைச்சது."

"அதோ? அதை அனுப்பிட்டன்" என்றாள் அவர் மனைவி புஷ்பராணி, அரிசியைக் களைந்தபடியே.

சிற்றம்பலம் குசினிக் கதிரையில் உட்கார்ந்தார். மேசையில் மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்றில் சாவி கொடுத்தால் தண்டவாளத்தில் ஓடும் கோச்சி. ஒன்றில் பாவைப்பிள்ளை. மற்றதில் மரத்தால் செய்த மாட்டுக்கொட்டிலும் நாலு மாடும். ஜேர்மன் வகுப்புக்குப் போய்விட்டுப் பத்தரை மணிக்கு வீட்டுக்கு வந்த மனிசனை இவைதான் வரவேற்றன.

"எப்ப அனுப்பினீர்?"

"மூண்டு கிழமை இருக்கும். முத்திரை ஒட்டுற இடத்திலை ஏதோ அச்சடிச்சிருந்தது. அப்பிடி இருந்தா முத்திரை தேவையில்லை எண்டு நீங்கள்தானே சொன்னியள்?"

"ஏன் அனுப்பினீர் எண்டு கேக்கிறன்."

"கையெழுத்து வைச்சிருந்ததே!"

அந்தச் சட்டம் சிற்றம்பலம் போட்டது.

யாழ்ப்பாணக் கச்சேரியில் காணிப் பகுதியில் பதினாறு வருடம் கிளாக்கராக இருந்தவர் அவர். ஹம்பேர்க்குக்கு அகதியாக வந்து ஒன்றரை வருடத்துக்குள், அந்த வட்டாரத்துத் தமிழருக்கு வருகிற படிவமெல்லாம் அவர் கையால்தான் நிரம்பின. எழுத்தில் வந்த ஜேர்மன் அவருக்கு அடிமை. வாயில் வந்த ஜேர்மன் எமன். எந்த அலுவலகத்துக் கடிதத்தையும் அகராதியை வைத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடுவார். பேக்கரிக்காரி 'வேறென்ன வேணும்?' என்று கேட்டால் முழிப்பார்.

அவர்களுக்குத் தெரிந்த ஒருவர், செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் செய்யக்கூடாதென்று, நிரப்பிய அன்ட்ராக் விண்ணப்பம் ஒன்றை வெள்ளிக்கிழமை வரை சாமிப்படத்துக்குக் கீழே வைத்திருந்தார். தவணை வியாழக்கிழமையோடு முடிந்துபோனது. அதன்பிறகு அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் சிற்றம்பலம் சட்டம் போட்டார். கையெழுத்து வைத்த கடுதாசி வீட்டில் ஒரு இரவும் படுக்கக்கூடாது. ராகுகாலமோ, மழையோ, காய்ச்சலோ, உடனே தபால்பெட்டிக்குப் போகவேண்டும். புஷ்பராணி இதுவரை ஒரு நாளும் அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

"அது விளையாட்டுக்கு நிரப்பினது" என்றார் சிற்றம்பலம் ஈனக்குரலில்.

"விளையாட்டுக்கு ஆராவது கையெழுத்து வைப்பினமோ?"

விளையாட்டு உண்மைதான். அந்தக் கட்டலோக், தபாலில் சாமான் விற்கும் கடையொன்றின் படப்புத்தகம், அந்த வீட்டில் முன்பு குடியிருந்தவருடைய பெயருக்கு ஒக்டோபரில் வந்தது. செங்கல் தடிப்பு. கடைசி நாற்பது பக்கமும் டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்கான விளையாட்டுச் சாமான். சாப்பிட்டு முடிந்தவுடன் அவரும் ஆறு வயது மகள் பாமினியும் அதை நிலத்தில் விரித்துவைத்து 'என்ரை பக்கம்' விளையாடுவார்கள். பக்கத்தைப் புரட்டியதும் யார் முதலில் கையால் அடிக்கிறாரோ அந்தப் பக்கத்தில் உள்ளதெல்லாம் அவருக்கு. 

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தது சிற்றம்பலமும் அவருடைய தமக்கை யோகமும். அவருக்கு எட்டு வயதாயிருக்கும்போது, அப்பாவின் சிநேகிதர் ஒருவர் கொழும்புக் கடையொன்றின் நத்தார்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மொத்தம் இருபத்துநாலு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பச்சைக் கோச்சி. அந்தக் கோச்சி வீட்டுக்கு வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் டிசம்பர் முழுவதும் அடித்து அடித்து அந்தப் பக்கத்தின் மூலை தேய்ந்துபோனது. தைமாதம் பள்ளிக்கூடம் தொடங்கியதும் யோகம் ஒன்பதாம் பக்கத்தைக் கிழித்துக் கணக்குக் கொப்பிக்கு உறை போட்டுவிட்டாள், அதுவும் கோச்சி உள்பக்கமாக இருக்கும்படி. அதை இன்றைக்கு நினைத்தாலும் சிற்றம்பலத்துக்குக் கோபம் வரும்.

இந்தக் கட்டலோக்கிலும் ஒரு பச்சைக் கோச்சி இருந்தது. அந்தப் பக்கம் வந்தபோது தகப்பனும் மகளும் ஒரே நேரத்தில் அடித்தார்கள்.

"அப்பா, இதெல்லாம் எப்ப வரும்?"

"எழுதிப் போட்டா வரும்."

"அப்ப எழுதுங்கோ."

பின்பக்கத்தில் ஒரு ஓடர் கார்ட் இருந்தது. பதினொரு வரி. பாமினி சொல்லச் சொல்ல இவர் எழுதினார். பதினாறு வருடக் கிளாக்கர் ஒரு வரியைத்தானும் வெறுமையாக விடுவாரா? இலக்கம், பக்கம், நிறம் எல்லாம் முத்துமுத்தாக எழுதி, பெயர் விலாசம் போட்டு, கீழே கோடு ஒன்று தெரிந்ததும் கை தானாகப் போய்க் கையெழுத்தும் வைத்துவிட்டது. பிறகு சிரித்துக்கொண்டே கார்டைக் கட்டலோக்குக்குள் செருகினார். அன்றிலிருந்து பாமினி கேட்கும்போதெல்லாம் "அடுத்த வருசம்" என்பதுதான் பதில்.

"இப்ப என்ன செய்யிறது?" என்றாள் புஷ்பராணி.

"திருப்பி அனுப்பவேணும். பாமினி வாறதுக்கு முதல்."

வேலை செய்ய அனுமதி இல்லை. அகதி வழக்கு முடியவில்லை. கையில் காசில்லாமல் கடையொன்றுக்கு ஓடர் கொடுத்தவன் என்று எங்காவது பதிந்துவிட்டால் பிறகு அழிக்க முடியாது. அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. படத்தில் பார்த்த சாமான் வராமல் இருப்பது ஒரு கவலை. அது சிற்றம்பலத்துக்குப் பழகின கவலை. வந்த சாமானைக் கண்ணால் கண்டபிறகு திருப்பி அனுப்புவது வேறு. அதை அந்தப் பிள்ளை தாங்காது.

"பெட்டியைச் சுத்திவந்த கடுதாசியைத் தாரும். திருப்பி அனுப்பிறதுக்கு ஓடர் இலக்கம் அதிலைதான் இருக்கும்."

"அடுப்புக்குள்ளை போட்டிட்டன். இண்டைக்கு நிலக்கரி டக்கெண்டு பிடிச்சிட்டுது."

சிற்றம்பலம் கண்ணை மூடித் திறந்தார். "தபால்காரன் ஏதும் சொன்னவனோ?"

"நிறையச் சொன்னவன். நான் யா, யா எண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சன். பேந்து பேனையாலை மேலை மேலை காட்டினான். மழை வரப்போகுதெண்டு சொல்லுறான் போலை எண்டு, காயப்போட்ட உடுப்பையெல்லாம் எடுத்து உள்ளை போட்டன்."

"மழை வந்ததோ?"

"இஞ்சை எப்ப வராமல் விட்டது?"

சிற்றம்பலம் கட்டலோக்கை எடுத்துச் சாமான்களைச் சரிபார்த்தார். அவர் எழுதியது பச்சைக் கோச்சி, வந்திருந்தது சிவப்பு. எழுதியது நீளத் தலைமயிர் வைத்த பாவைப்பிள்ளை, வந்தது மொட்டை. மாட்டுக்கொட்டில் அவர் எழுதவே இல்லை.

"பிழையா அனுப்பிட்டாங்களோ?"

"இல்லை. இஞ்சை பாரும், கடைசிப் பக்கத்திலை சின்ன எழுத்திலை கிடக்கு. கேட்ட சாமான் இல்லாட்டி அதுக்குச் சமனான சாமான் அனுப்புவினமாம்."

"அப்ப மாட்டுக்கொட்டில்?"

"புதுசாச் சேர்ந்த ஆக்களுக்கு இனாம் குடுப்பினமாக்கும்."

"பதினொண்டு எழுதினியள், மூண்டுதானே வந்திருக்கு?"

"மிச்சம் முடிஞ்சுபோச்சு. ஏதோ கடவுள் காப்பாத்தினார்."

அவர் சொன்னால் அதில் ஒரு ஓட்டை இருக்காது. கச்சேரியிலும் அவருக்கு அந்தப் பெயர் இருந்தது.

பாமினி பன்னிரண்டு மணிக்குக் கிண்டர்கார்டனிலிருந்து வந்துவிடுவாள். ஒரே அறையும் குசினியுமாக இருந்த வீட்டில் அவளுக்குத் தெரியாத மூலை கிடையாது. ஆகவே சிற்றம்பலம் மூன்று பெட்டியையும் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் போனார். ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே நிலக்கரி வைக்க ஒரு கூடு உண்டு. கீழ்த்தட்டில் பெட்டிகளை அடுக்கிவிட்டுத் திரும்பும்போது முழங்கை பட்டு ஒரு கரிச்சாக்கு பெட்டிகளின்மேல் சரிந்தது.

மேலே வந்த பெட்டிகளையும் புருசனையும் பார்த்த புஷ்பராணிக்கு யார் கூடக் கறுப்பு என்று சொல்ல முடியவில்லை.

"இந்தக் கோலத்திலை திருப்பி எடுப்பாங்களோ?"

"துடைச்சா போகும். ஈரத்துணி ஒண்டு தாரும்."

கரி போனது. கூடவே பெட்டியில் இருந்த படமும் போனது. கோச்சிப் பெட்டியின் மூடி ஊறி, மூலை பிரிந்து, வாயைத் திறந்துகொண்டது. ஒட்டுவதற்குப் பசை இல்லை. புஷ்பராணி நேற்றைய சோற்றில் ஒரு பிடி எடுத்து மசித்துக் கொடுத்தாள். அதுதான் ஊரில் கடித உறை ஒட்டிய பசை, நன்றாகத்தான் பிடிக்கும். ஆனால் காயவேண்டுமே!

காயும்வரை கோச்சியை வெளியே எடுத்து வைக்கவேண்டியதாயிற்று.

சிற்றம்பலம் அதைக் கையில் எடுத்தார். தகரம். கனமாக இருந்தது. சில்லுகள் ஆறும் பிழையில்லாமல் உருண்டன.

"ஓடுதோ எண்டு ஒருக்காப் பாக்கவேணும்" என்றார்.

"ஏன்?"

"ஓடாட்டி நாங்கள் உடைச்சதெண்டெல்லோ சொல்லுவினம்?"

மேசைக்கால்களைச் சுற்றித் தண்டவாளம் போட்டாயிற்று. சாவி கொடுத்தாயிற்று. சிவப்புக் கோச்சி கிறீச்சென்று புறப்பட்டு, மேசையைச் சுற்றி, அடுப்போரம் போய், திரும்பி வந்தது. முப்பது வருடம் கழித்துக் கோச்சி வந்திருந்தது, நிறம் மாறி. சிற்றம்பலம் சந்தோசமாக இருந்தார். அப்படிச் சந்தோசமாக இருப்பது வெட்கமாகவும் இருந்தது.

"நல்லாத்தான் ஓடுது" என்றாள் புஷ்பராணி. "இன்னொருக்கா விடுங்கோ பாப்பம்."

இரண்டாம் தரத்துக்கு அவளும் நிலத்தில் உட்கார்ந்தாள். மூன்றாம் தரத்துக்கு மேசையின் முதல் கால் ஊர்க் கோச்சி நிற்கும் கொடிகாமம் ஆகிவிட்டது. இரண்டாவது கால் மீசாலை.

"சாவகச்சேரியிலை நிக்காதோ?"

"ரிக்கற் எடுத்தனீரோ முதலிலை?"

நாலாம் தரம் கோச்சி மீசாலையைத் தாண்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"கிண்டர்கார்டனிலை இண்டைக்கு ஏதோ கூட்டமாம், நேரத்தோடை விட்டிட்டினம்" என்று சொல்லி, பாமினியைக் கூட்டிவந்த பக்கத்துக் கட்டிடத்துத் தமிழ்ப்பெண் யோசப்பின் அவளை உள்ளே விட்டாள். நிலத்தில் இருந்த இரண்டு பேரையும் பார்த்தாள். "நான் போட்டுப் பேந்து வாறன்" என்று போய்விட்டாள்.

பாமினி அசையவில்லை. அவளுடைய கண்கள் கோச்சியோடு மேசையை ஒரு தரம் சுற்றி வந்தன.

"கோச்சி" என்றாள் மெதுவாக. "எங்கடை கோச்சி வந்திட்டுதோ?"

"தொடாதை குஞ்சு! அது எங்கடை இல்லை."

"ஆற்றை?"

சிற்றம்பலத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, உடனே. மேலே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது.

"மேல்வீட்டு ஓமாவின்ரை."

மேல்வீட்டில் இருந்தவர் மத்தீசன் என்ற கிழவி. பாமினிக்கு அவர் ஓமா. ஜேர்மன் பிள்ளைகள் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அப்ப ஏன் எங்கடை வீட்டிலை நிக்குது?"

"ஓமா எங்களைக் கவனமா வைச்சிருக்கச் சொன்னவ."

"ஏன் ஓட்டுறியள்?"

"சும்மா நிண்டா பழுதாப்போம். புஷ்பம், சொல்லுமன்."

"ஓம், பழுதாப்போம்" என்றாள் புஷ்பராணி.

பாமினியின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு அவள் பெரிய மனிசி மாதிரித் தலையாட்டினாள். சிற்றம்பலம் மூச்சை விட்டார். பிள்ளைக்குக் கிடைத்தது ஒன்றும் போகவில்லை. கிடைக்காதது கிடைக்கவில்லை, அவ்வளவுதான். 

"அப்ப குடுத்திட்டு வருவம்" என்றாள் பாமினி.

"பேந்து குடுப்பம்."

"இல்லை. மற்றவையின்ரை சாமானை உடனை குடுக்கவேணும். கிண்டர்கார்டனிலை சொன்னவை." பாவைப்பிள்ளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் படியில் ஏறத் தொடங்கிவிட்டாள்.

"ஐயோ, பிடியுங்கோ!"

"பயப்பிடாதையும்" என்றார் சிற்றம்பலம், கோச்சியை ஈரப்பெட்டிக்குள் திணித்தபடி. "ஓமா தன்ரை இல்லையெண்டு சொல்லுவா. இவள் நித்திரையான பிறகு கட்டி அனுப்புவம்." மற்ற இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் ஓடினார்.

ஓமா மத்தீசன் மணி அடித்ததும் கதவைத் திறந்தார். எங்கோ புறப்பட நின்றவர்போலச் சப்பாத்துப் போட்டிருந்தார். பாமினி கடகடவென்று ஜேர்மனில் ஏதோ சொன்னாள். ஓமா இரண்டு கையையும் தட்டி, பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, பாவைப்பிள்ளையை வாங்கி உள்ளே வைத்தார். திரும்பி வந்து சிற்றம்பலத்தின் கையிலிருந்த இரண்டையும் வாங்கினார்.

சிற்றம்பலம் காத்திருந்தார். ஊரில் ஒரு மாம்பழம் கொடுத்தாலும் "சீச்சீ, ஏன் உது, வேண்டாம்" என்று மூன்று தரம் சொல்லித்தான் நாலாம் தரம் வாங்குவார்கள். ஓமா ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

"என்னவாம் பிள்ளை?"

"கவனமா வைச்சிருந்ததுக்கு நன்றியாம் அப்பா. பேரப்பிள்ளையளுக்காம்."

"பேரப்பிள்ளையளுக்கோ?"

"ஓம். பெட்டி ஏன் ஈரமாயிருக்கெண்டு கேக்கிறா."

"மழை எண்டு சொல்லு."

ஓமா உள்ளே போய் ஒரு தட்டு நிறைய நத்தார் பிஸ்கற் கொண்டுவந்து நீட்டினார். சிற்றம்பலம் பழக்கதோசத்தில் வேண்டாமென்று தலையாட்டினார். ஓமா மறுபடி நீட்டினார். மறுபடியும் வேண்டாமென்றார். மூன்றாம் தரமும் வேண்டாமென்றதும், ஓமா சரியென்று தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

"நான் வேணுமெண்டு சொல்லியிருப்பன்" என்றாள் பாமினி படியில் இறங்கும்போது.

புஷ்பராணி வெறுங்கையோடு வந்த புருசனைப் பார்த்தாள். "பெட்டியள் எங்கை?"

"எடுத்திட்டா."

"என்னெண்டு? தன்ரை இல்லையெண்டு சொல்லேல்லையோ?"

"உன்ரை எண்டு பாமினி சொன்னாள். ஓம், என்ரைதான் எண்டு எடுத்திட்டா. பேரப்பிள்ளையளுக்காம்!" சிற்றம்பலம் கதிரையில் விழுந்தார். "இந்த நாட்டுச் சனம் பொய் சொல்லாது எண்டு எனக்கு ஆரோ சொன்னவை."

"பொய் சொன்னது நீங்கள். அவ அதை மெய்யாக்கிட்டா, அவ்வளவுதான்."

"திருப்பிக் கேட்டா என்ன?"

"பிள்ளைக்கு முன்னாலை என்னெண்டு கேப்பியள்? என்னத்தைச் சொல்லிக் கேப்பியள்?"

அதற்கு வழியில்லை. பின்னேரம் முழுவதும் இருந்து சிற்றம்பலம் கட்டலோக்கில் இருந்த விலாசத்துக்கு ஜேர்மனில் ஒரு கடிதம் எழுதினார். அவர் எழுதியதிலேயே சிறந்த கடிதம் அதுதான். பெற்றுக்கொண்ட மூன்று பொருள்களும் தவிர்க்க முடியாத காரணங்களால் மேல்மாடிக்குச் சென்றுவிட்டன என்றும், அவற்றுக்குத் தாமே பொறுப்பு என்றும், மிச்சப் பொருள்கள் இனிக் கையிருப்புக்கு வந்தாலும் தயவுசெய்து அனுப்பவேண்டாம் என்றும் அதில் இருந்தது. கீழே கையெழுத்து வைத்தார்.

வைத்ததும் ஒரு யோசனை வந்தது. 'தாமே பொறுப்பு' என்பதைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் என்ன?

"புஷ்பம், அந்தக் கடிதத்தை நாளைக்கு ஒருக்கா—"

புஷ்பராணி கோட்டைப் போட்டுக்கொண்டு பாதிப் படி இறங்கியிருந்தாள். கடிதம் அவள் கையில் இருந்தது.

பாமினி கட்டிலில் கட்டலோக்கை விரித்து வைத்திருந்தாள். "அப்பா, ஓமாவின்ரை கோச்சி நல்ல கோச்சி. எங்கடை எப்ப வரும்?"

"அடுத்த வருசம்."

"பச்சைதானே?"

"பச்சைதான்." அவர் அவளுடைய தலையைத் தடவினார். பிள்ளை அழவில்லை. அது ஒன்றே போதுமென்று நினைத்தார். ஆனாலும் மனசு கனத்தது. அடுத்த வருசமும் இதைத்தான் சொல்லவேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கதவு மணி அடித்தது.

தபால்காரர் நின்றார். மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்கியது. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டு வேகவேகமாக ஏதோ சொன்னார். பேனையால் மேலே காட்டினார். பிறகு கீழே காட்டினார்.

"இண்டைக்கும் மழையாம்" என்று புஷ்பராணி உடுப்பு எடுக்க ஜன்னலுக்கு ஓடினாள்.

சிற்றம்பலம் "யா, யா" என்றார். தபால்காரர் தலையை இல்லையென்று ஆட்டி, முதலில் இருந்து இன்னும் வேகமாகச் சொன்னார். இரவு உடுப்போடு எழும்பி வந்த பாமினி இருவருக்கும் நடுவில் நின்று கேட்டாள். கேட்கக் கேட்க அவளுடைய கண்கள் பெரிதாகின.

"அப்பா, நேற்று வந்தது மேல்வீட்டு ஓமாவின்ரையாம், குடுத்திட்டியளோ எண்டு கேக்கிறார். எங்கடை பதினொரு பெட்டியும் கீழை வண்டியிலை நிக்குதாம், தனியத் தூக்க ஏலாதாம், உங்களை வரட்டாம்!"